வில்லுக்குடத்தில் பீசோ ஒட்டினால் தகரச் சத்தம் ஏன்?

தக்கலை நண்பருக்கு, பழைய வில்லுக்குடத்தில் (வில்லுப்பாட்டில் தட்டும் குடம்) அதிர்வை மின்சாரமாக மாற்றும் 27 மில்லிமீட்டர் பீசோ வட்டை ஒட்டி நேராக மிக்சரில் செருகினால் தகரம் தட்டியது மாதிரி கேட்கிறது, கூடவே ஒரு இரைச்சல் என்று எழுதியிருந்தீர்கள். குடத்தில் ஒரு குறையும் இல்லை, தயவுசெய்து அதை மாற்றிவிடாதீர்கள்.

பீசோ ஒரு சின்ன கெபாசிட்டர் (மின்தேக்கி) மாதிரிதான், சுமார் 20 நானோஃபாரட் இருக்கும். மிக்சரின் லைன் உள்ளீடு 10 கிலோ ஓம் என்றால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும், குடத்தின் அந்தக் 'கும்' அங்கேதானே இருக்கிறது! அதையே 1 மெகா ஓம் உள்ளீட்டில் கொடுத்துப் பாருங்கள், 8 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். கிட்டார் ஆம்பின் உள்ளீடு ஏறக்குறைய அந்த அளவுதான், அது இருந்தால் இன்றைக்கே அதில் செருகலாம். இல்லையென்றால் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஒற்றை எஃப்.இ.டி. பஃபர் (ஒரே டிரான்சிஸ்டர் வைத்து, பீசோவுக்கும் மிக்சருக்கும் நடுவே போடும் சின்னச் சுற்று) போதும், நாகர்கோவிலில் ரேடியோ பழுது பார்ப்பவர் யாராவது ஒரு மாலையில் செய்து தருவார்.

இரைச்சலுக்குக் காரணம் வயர். உள் கம்பியைச் சுற்றி உலோக வலை இருக்கும் ஷீல்டு வயர் போடுங்கள், உள் கம்பி வட்டின் நடுவிலுள்ள வெள்ளைப் பகுதிக்கு, வலை பித்தளை விளிம்புக்கு. சால்டரை அதிக நேரம் வைத்தால் வெள்ளைப் பூச்சு உரிந்துவிடும், நான் அப்படி மூன்று வட்டு கெடுத்தேன். அப்புறம் இன்சுலேஷன் டேப் சுற்றி, அதன்மேல் செம்புத் தாள் சுற்றி, அந்தத் தாளையும் வலையோடு சேர்த்துவிடுங்கள்.

ஸ்பாஞ்சு டேப் வேண்டாம், அதிர்வைக் குடித்துவிடும். கழுத்துக்கு இரண்டு விரல் கீழே மெல்லிய டேப்பில் ஒட்டுங்கள். சரி, இன்னொரு வட்டை வில்லின் மரத்தில் வைத்தீர்களா? வில்லைத் தட்டும் வீசுகோல் படும்போது மணிகள் எல்லாம் மரத்துக்குள் நடுங்குவது தனியாகக் கேட்கும், அதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.