வன்னியிலிருந்து திருகோணமலை: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

நான் வான் ஓட்டுகிறவன். கோயில் பயணம், பள்ளிக்கூடச் சுற்றுலா என்று திருகோணமலைக்குப் போய்வந்ததற்குக் கணக்கில்லை.

முல்லைத்தீவு: கொக்கிளாயில் நின்றால் அக்கரை தெரிகிறது. நேரே புல்மோட்டைக்குக் கடக்கலாமா?

பாலம் இல்லைத் தம்பி, களப்பைச் சுற்றித்தான் போக வேண்டும். ஆனால் அந்தப் பாதையில் ஒரு லாபம் உண்டு: புல்மோட்டை, குச்சவெளி தாண்டினால் நகரத்துக்கு முன்பே நிலாவெளி வந்துவிடும், அதனால் விடியப் புறப்பட்டு முதலில் புறாத்தீவைப் பார்த்துவிட்டு, வெயில் தணிந்த பிறகு கோணேசரிடம் போங்கள். தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான். 2003இல் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள், டிக்கெட் எடுத்துத்தான் படகேற வேண்டும். காலையில் கடல் படுத்திருக்கும், மத்தியானம் காற்று எழும்பும். அப்புறம், முருகைக்கல்லில், அதுதான் பவளப்பாறையில், கால் வைக்காதீர்கள். பெயர்தான் கல், அது உயிர். அதில் ஏறி நின்று படம் பிடிக்கிற ஆட்களைத் தீவிலேயே விட்டுவிட்டு வர எனக்குப் பலமுறை மனம் வந்திருக்கிறது.

மாங்குளம்: டிசம்பர் லீவில் பிள்ளைகளோடு புறாத்தீவு போகலாமா?

வேண்டாம் தங்கச்சி. வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை பாருங்கள்.

பரந்தன்: ரயிலில் போகலாமா?

மாகோ வரை தெற்கே இறங்கி, கல்லோயா வழியாகத் திரும்பவும் மேலே வர வேண்டும். பஸ்ஸில் ஏறுங்கள்.

கிளிநொச்சி: கிண்ணியா வெந்நீர்க் கிணறுகளுக்கு எப்படிப் போவது?

கன்னியா, ஐயா! கிண்ணியா குடாவுக்குத் தென்பக்கம், 2009இல் திறந்த 396 மீற்றர் பாலத்தைக் கடந்து போகிற ஊர். இந்த வாரம் மட்டும் நாலு பேர் இப்படிக் கேட்டுவிட்டார்கள். கன்னியா, வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக வந்தால் நகரத்துக்கு முன்பே வரும். குதித்துக் குளிக்கிற இடம் என்று நினைக்காதீர்கள், ஏழும் சின்னக் கிணறுகள், அள்ளித்தான் ஊற்ற வேண்டும்.

வற்றாப்பளை: தாயின் கிரியைக்காக இராவணன் வாளால் குத்தி உண்டாக்கியவை என்பதை ஏன் சொல்லவில்லை?

ஓமந்தை: அண்ணை, கதை விடாதீர்கள், அது எரிமலைச் சூடு.

இரண்டு பேரும் சற்றுப் பொறுங்கள். எரிமலை இந்தத் தீவில் எங்கே இருக்கிறது? மழைநீர் பாறை வெடிப்புகளுக்குள் ஆழமாக இறங்கி, நிலத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது, அவ்வளவுதான். கிணற்றுக்குக் கிணறு சூடு கொஞ்சம் மாறும், கை வைத்துப் பாருங்கள். அதற்காக இராவணன் கதையைத் தூக்கி எறியவும் சொல்லமாட்டேன். என் அப்பாவின் அந்தியேட்டிக்கு அங்கேதான் போனோம், அன்று சூடு எங்கிருந்து வந்தது என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

ஓமந்தை: அப்படியென்றால் கதை பொய்தானே?

தம்பி, அடுத்த கேள்வி.

செட்டிகுளம்: சோபர் தீவு?

துறைமுகத்துக்குள் இருக்கிறது, கடற்படை வசம். நினைத்தபடி இறங்க முடியாது.

நெடுங்கேணி: கோட்டைக்குள் என்ன இருக்கிறது?

1620களில் போர்த்துக்கேயர் பழைய கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லையே வைத்துக் கட்டிய கோட்டை. பிறகு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறியது. இப்போதுள்ள கோணேசர் கோயிலுக்கு அதற்குள்ளால்தான் பாதை. வழியில் புள்ளிமான்கள் கிட்ட வந்து நிற்கும், பிஸ்கட் கொடுக்காதீர்கள்.

பூவரசங்குளம்: ஜனவரியில் புறாத்தீவு போகலாமா?

மாங்குளத்துத் தங்கச்சிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

மல்லாவி: அங்கே சுறா இருக்கிறதாமே?

இருக்கிறது அக்கா, செட்டை நுனி கறுத்த சின்னச் சுறா. ஆளைக் கண்டால் அதுதான் ஓடும். நீங்கள் பயந்துபோய் முருகைக்கல்லில் ஏறாதீர்கள்.