சுழல் லேசர் கற்றை மூலம் வத்தல்மலைக்கு இணையம் கொண்டுபோக முடியுமா?

தருமபுரியிலிருந்து வத்தல்மலைக்குக் கேபிள் இழுக்காமல், சுழல் ஒளிக்கற்றையால் அதிவேக இணையம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். லேசரால் கொடுக்கலாம். ஆனால் அதற்குச் சுழல் கற்றை வேண்டாம் என்பதே என் கருத்து. கல்லூரியில் ஒளியியல் நடத்துகிறேன், அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சாதாரண லேசரின் அலைமுகப்பு, அதாவது ஒளி அலை ஒரே நிலையில் இருக்கும் புள்ளிகளைச் சேர்த்த பரப்பு, ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். சுழல் கற்றையில் அது திருகாணி மரை போல முறுக்கிக்கொண்டே போகும். நடு அச்சில் வெளிச்சம் இருக்காது. சுவரில் விழுந்தால் வளையமாகத் தெரியும். அச்சை ஒருமுறை சுற்றிவந்தால் கட்டம் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எங்கே இருக்கிறது என்பது) எத்தனை முழுச் சுழற்சி மாறுகிறதோ அதுதான் சுழல் எண். இந்தக் கற்றைகள் சுழல் எண்ணுக்கேற்ற கோண உந்தத்தை, அதாவது பொருளைச் சுழற்றக்கூடிய உந்தத்தை, சுமக்கின்றன என்று 1992ல் நெதர்லாந்தின் லைடனில் இயற்பியலாளர் ஆலனும் சகாக்களும் காட்டினார்கள். எண் வேறானால் மறுமுனையில் சுத்தமாகப் பிரித்தெடுக்கலாம். ஆக ஒரே அலைநீளத்தில், ஒரே பாதையில், பல கற்றைகளை ஏற்றி ஒவ்வொன்றிலும் தனித்தனி டேட்டா அனுப்பலாம். 2012ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்னர் குழு இப்படித்தான் நொடிக்கு 2.56 டெராபிட் (ஒரு டெராபிட் என்பது ஆயிரம் கிகாபிட்) அனுப்பியது. அருமையான வேலை, ஆனால் ஆய்வக மேசை மேல் நடந்தது.

வெளிக்காற்று அப்படி விடாது. சித்திரை வெயிலில் நம் பக்கத்துப் பாறைகளுக்கு மேலே காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். சூடு மாறும் இடமெல்லாம் ஒளிவிலகல் எண்ணும் (ஒளி எவ்வளவு வளையும் என்பதைச் சொல்லும் எண்) மாறும், அலைமுகப்பு கசங்கும். அப்போது 3ஆம் எண்ணில் அனுப்பியதில் ஒரு பங்கு 2க்கும் 4க்கும் கசிந்துவிடும். சாதாரணக் கற்றை என்றால் வெளிச்சம் கூடிக் குறையும், சமாளிக்கலாம். இங்கே எது யாருடைய டேட்டா என்பதே குழம்பும். இன்னொன்று, எண் கூடக்கூடக் கற்றை அகலமாகும். சுழல் எண் 4 என்றால் சாதாரணக் கற்றையைப் போல 2.2 மடங்கு அகலம். ஏற்பு லென்ஸும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும்.

வியன்னாவில் 2014ல் 3 கி.மீ., கேனரி தீவுகளுக்கிடையே 2016ல் 143 கி.மீ. சுழல் ஒளியை அனுப்பினார்களே என்பீர்கள். அவை பல கற்றைகளில் டேட்டாவை அடுக்கிய சோதனைகள் அல்ல. சுழல்களைக் கலந்து உண்டாக்கிய ஒளிக்கோலங்களைக் கேமராவில் பிடித்து, இது எந்தக் கோலம் என்று கணினியால் அடையாளம் கண்டார்கள். வேகம் மிகக் குறைவு.

அப்புறம், ஒரு மலைக் கிராமத்துக்கு டெராபிட் எதற்கு? பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், வீடுகள் எல்லாவற்றுக்கும் சில கிகாபிட் தாராளம். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டில் பிறந்த தாரா என்ற லேசர் இணையத் திட்டம் சாதாரண லேசரை வைத்தே காங்கோ ஆற்றின் குறுக்கே, பிராசவில்லுக்கும் கின்ஷாசாவுக்கும் இடையே சுமார் 5 கி.மீ. இணைப்புக் கொடுத்தது. நமக்கு ஏற்றது அந்த வழிதான்.

அதிலும் உண்மையான எதிரி மூடுபனி. மழையைவிட மோசமாக லேசரை மறைக்கும். மலையில் காலை நேரத்தில் பனி இறங்கினால் இணைப்பு அறுந்துபோகும். அதனால் அதே கோபுரத்தில் மைக்ரோவேவ் ரேடியோ ஒன்றும் துணைக்கு இருக்க வேண்டும். லேசர் போனால் வேகம் குறைந்தாலும் இணைப்பு நிற்கும். திட்டம் எழுதுவதற்கு முன்னால், கீழிருந்து மேலே தடையில்லாத நேர்ப்பார்வை எந்த இடத்தில் கிடைக்கிறது, பனி எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று ஒரு வருடம் குறித்து வையுங்கள்.