நியோகிளாசிக்கல் சிற்பிகளில், அதாவது பழைய கிரேக்க, ரோமானியக் கலையை முன்மாதிரியாகக் கொண்டவர்களில், உங்கள் மனத்துக்கு நெருக்கமானவர் யார்?

ஜான் ஃபிளாக்ஸ்மன். இந்தக் கேள்விக்கு இத்தாலியின் கனோவாவைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். எனக்கு இந்த லண்டன்காரர்தான். காரணம் தஞ்சாவூர்.

அங்கே சிவகங்கைப் பூங்காவை ஒட்டியிருக்கும் ஸ்வார்ட்ஸ் தேவாலயத்துக்குள் ஒரு வெள்ளைப் பளிங்குப் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. சாகக் கிடக்கும் பாதிரியார் ஸ்வார்ட்ஸின் கையைப் பிடித்தபடி இளம் ராஜா சரபோஜி நிற்கிறார். கட்டிலருகே பள்ளிப் பிள்ளைகள். 1798இல் ஸ்வார்ட்ஸ் இறந்தபின், தன்னைக் காத்துப் படிக்க வைத்தவருக்காக சரபோஜியே சொல்லி லண்டனில் செய்ய வைத்தது இது. ஃபிளாக்ஸ்மன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனாலும் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு என்னால் சட்டென்று நகர முடியவில்லை. யார் இவர் என்று தேடத் தொடங்கியது அப்புறம்தான்.

1755இல் யார்க் நகரில் பிறந்தவர். அப்பா பிளாஸ்டர் வார்ப்புச் சிலைகள் செய்து விற்றவர். நோஞ்சான் பிள்ளை என்பதால் அப்பாவின் லண்டன் கடையிலேயே உட்கார்ந்து, சுற்றியிருந்த கிரேக்க உருவங்களைப் பார்த்து வரைந்து வளர்ந்தார். இருபது வயதில் வெட்ஜ்வுட் பீங்கான் நிறுவனத்துக்கு வேலை செய்ய ஆரம்பித்தார். நீலப் பாத்திரத்தில் வெள்ளை உருவங்கள் ஒட்டியிருக்குமே, அதற்கு மெழுகில் மாதிரி செய்து கொடுப்பது அவர் வேலை. மாதிரியிலிருந்து அச்சு எடுத்து, அதில் வெள்ளைக் களிமண்ணை அழுத்தி, பெயர்த்துப் பாத்திரத்தில் ஒட்டுவார்கள். விரல் தடிமன்கூட இல்லாத அந்த மண்ணில் ஓர் ஆளைக் காட்ட வேண்டுமென்றால், வெளிக்கோடு பிசகக் கூடாது. அவருடைய உண்மையான பள்ளி அதுதான் என்று நினைக்கிறேன்.

1787இல் மனைவி ஆனுடன் ரோம் போய் ஏழு வருடம் இருந்தார். அங்கே ஒரு பிரபுவுக்காக 'அதமாஸின் சீற்றம்' என்ற பெரிய பளிங்குச் சிலைத் தொகுதி செய்தார். பேசிய தொகை 600 கினி (அக்கால ஆங்கிலேயத் தங்க நாணயம்). செலவு அதைத் தாண்டிப்போய் நஷ்டம். அதே ரோமில் கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவியங்களுக்கு வரைந்த படங்கள்தான் 1793இல் அச்சாகி, ஐரோப்பா முழுக்க அவர் பெயரைக் கொண்டுபோயின. நிழல் கிடையாது, பின்னணி ஏறக்குறைய இல்லை. வெறும் கோடு. பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் போன்றவர்கள் அவற்றிலிருந்து கற்றுக்கொண்டார்கள்.

1810இல் லண்டனின் கலைக்கழகமான ராயல் அகாடமியின் முதல் சிற்பப் பேராசிரியர் ஆனார், 1826இல் இறந்தார். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் கடற்படைத் தளபதி நெல்சனுக்கு அவர் செய்த நினைவுச் சின்னம் புகழ்பெற்றது. எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. உருவம் பெரிதாகப் பெரிதாக அவர் கோட்டின் உயிர் குறைந்துவிடுகிறது. அவருடைய பிளாஸ்டர் மாதிரிகள் பல லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இருக்கின்றன. முடித்த பளிங்கைவிட அந்த மாதிரிகளில்தான் அவர் கை தெரிகிறது என்பேன்.

தஞ்சைச் சிற்பத்திலோ அவருக்கு வேண்டியதெல்லாம் இருந்தது: தட்டையான பலகைக்கல், பக்கவாட்டில் சில ஆட்கள், நடுவில் இரண்டு கைகள். பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் இதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.