பையன் விண்டோஸைத் திருடவில்லை, அண்ணாச்சி

அண்ணாச்சி,

போன வாரம் கோட்டாறு கடையை மத்தியானமே அடைத்துவிட்டு வந்தீர்கள். உட்காரும் முன்பே கேட்டீர்கள், "கள்ள விண்டோஸ் செய்யிற கூட்டத்துல பய சேந்துட்டானோ?" என்று. அன்று அவசரத்தில் பாதிதான் சொன்னேன். மீதியை எழுதி அனுப்புகிறேன். உங்கள் பையனும் வாசிக்கட்டும்.

அவன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பார்க்கும் ரியாக்ட்ஓஎஸ், விண்டோஸ் மாதிரியே கணினியை இயக்கும் ஒரு இயங்குதளம்; திருட்டுச் சமாச்சாரம் இல்லை. விண்டோஸ் 95 மாதிரி ஒன்றை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி செய்வோம் என்று 1996இல் சிலர் கிளம்பினார்கள். பேச்சு அதிகம், வேலை குறைவு; அது படுத்துவிட்டது. 1998இல் பெயரை மாற்றி, விண்டோஸின் இன்னொரு வகையான என்டியைக் குறிவைத்து மறுபடி ஆரம்பித்தார்கள். விண்டோஸுக்கு எழுதிய மென்பொருளும், பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவரும் அப்படியே இதில் ஓட வேண்டும் என்பதுதான் நோக்கம். இன்னும் ஆல்பா என்கிற ஆரம்பச் சோதனை நிலையிலேயே நிற்கிறது. கடைக் கணக்கை அதில் ஏற்றிவிடாதீர்கள்.

ஏன் இத்தனை வருடம் என்றால், வேலை அப்படிப்பட்டது. ஊரில் எல்லார் கையிலும் உள்ள சாவிகள் அத்தனைக்கும் திறக்கிற பூட்டு ஒன்று செய்ய வேண்டும். ஆனால் பழைய பூட்டைச் செய்தவன் வைத்திருக்கும் வரைபடத்தைப் பார்க்கவே கூடாது. சாவியைப் போட்டுத் திருகிப் பார்க்கலாம், அவ்வளவுதான். இவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். சின்னச் சோதனை நிரல் ஒன்றை எழுதி அசல் விண்டோஸில் ஓட்டுகிறார்கள். என்ன பதில் வருகிறதோ அதே பதில் தங்களுடையதிலும் வரும்வரை மல்லுக்கட்டுகிறார்கள். அசலில் பிழை இருந்தால் அந்தப் பிழையும் இங்கே இருந்தாக வேண்டும், ஏனென்றால் அதை நம்பி ஓடுகிற மென்பொருள் ஏதாவது இருக்கும். கணினிக்காரர்கள் சிம்சிட்டி விளையாட்டைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். திருப்பிக் கொடுத்த நினைவகத்தையே அது மறுபடி வாசிக்குமாம். விண்டோஸ் 95இல் அது நின்றுவிடக் கூடாது என்று மைக்ரோசாஃப்டே தனி ஏற்பாடு செய்ததாம். அசல்காரனுக்கே இந்தப் பாடு!

இன்னொரு இலவச இயங்குதளமான லினக்ஸ் 1991இல்தான் தொடங்கியது, எங்கேயோ போய்விட்டதே என்று கேட்பீர்கள். அது பழைய யூனிக்ஸ் இயங்குதளத்தின் வழியில் வந்தது. யூனிக்ஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அச்சிட்ட தரநிலை இருந்தது. அதற்கு ஏற்ப எழுதினால் போதும், டிரைவரையும் சொந்தமாக எழுதிக்கொள்ளலாம். இங்கே அந்தச் சுதந்திரம் இல்லை. போதாக்குறைக்கு, இலக்கும் ஒரு இடத்தில் நிற்பதில்லை. இவர்கள் பெரும்பாலும் குறிவைப்பது சர்வர் 2003 காலத்து விண்டோஸை. கூகுளின் குரோம் உலாவி அதே தலைமுறை விண்டோஸ் எக்ஸ்பியை 2016லேயே கைவிட்டது, 2023லிருந்து விண்டோஸ் 10க்குக் கீழே வருவதே இல்லை. எட்டிப் பிடிக்கும்போது பஸ் அடுத்த ஸ்டாப்புக்குப் போயிருக்கும்.

தம்பி, இனி உனக்கு. 2004இல் விண்டோஸ் 2000, என்டி 4 ஆகியவற்றின் மூலநிரல், அதாவது மைக்ரோசாஃப்ட் எழுதிய அசல் நிரல், அதன் சில பகுதிகள் இணையத்தில் கசிந்தன. 2020இல் எக்ஸ்பியுடையதும் வந்தது. யாராவது லிங்க் அனுப்பினால் திறக்காதே. பார்த்தவன் எழுதும் நிரலை இந்தத் திட்டத்தில் ஏற்க முடியாது. 2006இல் ஏதோ நகலெடுத்திருக்கிறார்கள் என்று குற்றச்சாட்டு கிளம்பியது. வேலையை நிறுத்திவிட்டு, எழுதியதையெல்லாம் சலித்துச் சரிபார்த்தார்கள், சந்தேகமான இடங்களைத் திரும்ப எழுதினார்கள். ஒரு ஆளின் ஆசைக்கு அத்தனை பேரின் உழைப்பு நிற்கும். அப்புறம் ஒன்று: வேலைக்குச் சேரும்போது ஒப்பந்தத்தை வாசி. ஓய்வு நேரத்தில் எழுதும் நிரலும் தங்களுக்கே சொந்தம் என்று எழுதி வைக்கிற கம்பெனிகள் உண்டு. கையெழுத்துக்கு முன்னால் கேட்டு, எழுத்தில் வாங்கு.

அண்ணாச்சி, உங்கள் கவலை வேலை கிடைக்குமா என்பது. எட்டு வருடம் முன்னால் இதே மாதிரி ஒரு பையனிடம், "இதையெல்லாம் தூர வை, ஆப்டிட்யூட் படி" என்று சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான், அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ரியாக்ட்ஓஎஸ் முடியாமலே போகலாம். அதில் சம்பளமும் பெரிதாக இல்லை. ஆனால் இயங்குதளத்தின் உட்கருவான கர்னல், பிழையால் நீலத்திரையோடு நின்றுபோன இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்த பையன், டிரைவர், கருவிகளுக்குள் ஓடும் எம்பெடட் நிரல், கணினிப் பாதுகாப்பு என்று எங்கும் நிற்பான். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலும் அந்த வேலைகள் உண்டு. குழித்துறையிலிருந்து ரயிலேறிப் போய்வருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஆனால் ஒரு நிபந்தனை. ராத்திரி விழித்திருப்பதை வேலை என்று நான் கணக்கில் எடுக்க மாட்டேன். அவன் அனுப்பிய பேட்ச்சில், அதாவது நிரல் திருத்தங்களில், எத்தனை மெர்ஜ் ஆகித் திட்டத்தில் சேர்ந்தது என்று கேளுங்கள். மூத்தவர்கள் திருப்பி அனுப்பியதை எத்தனை தடவை திருத்தினான் என்றும் கேளுங்கள். ஒன்றிரண்டு உள்ளே போயிருந்தாலே நல்ல தொடக்கம். ஒன்றுமே இல்லை, ஆனால் டவுன்லோடு மட்டும் நடக்கிறது என்றால் அது விளையாட்டு. அப்போது முதலில் அந்த ஐந்தாம் செமஸ்டர் அரியரை முடிக்கச் சொல்லுங்கள். அரியர் இருந்தால் கேம்பஸ் இன்டர்வியூவில் பல இடங்களில் உள்ளேயே விட மாட்டார்கள், கர்னல் தெரிந்தாலும் சரி.

ராத்திரி பதினொன்றோடு நெட்டை அணைத்துவிடுவேன் என்றீர்களே, அது வேண்டாம். இதில் மூத்தவர்கள் வெவ்வேறு நாட்டிலிருந்து பதில் எழுதுகிறவர்கள், நம் இரவு அவர்களுக்குப் பகல். பரீட்சை வாரத்தில் மட்டும் அவனே நிறுத்தி வைக்கட்டும்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், லேப்டாப்போடு. சார்ஜரை மறக்க வேண்டாம், எங்கள் தெருவில் கரண்டை நம்ப முடியாது.