ஐ.டி. படிக்க நிலத்தை அடகு வைக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி அருகே இரண்டு ஏக்கரில் சாகுபடி செய்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த என் மகள், பிளஸ் டூ கணிதப் பிரிவில் தேறியிருக்கிறாள். பி.டெக். ஐ.டி. படிக்க ஆசைப்படுகிறாள். தனியார் கல்லூரி ஒன்றில் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு உடனே முன்பணம் கேட்கிறார்கள். நிலத்தை அடகு வைத்துச் சேர்க்கலாமா? ஐ.டி.யைவிடக் கணினி அறிவியல்தான் மேல் என்கிறார்களே, உண்மையா?

பதில்: நிலத்தை அடகு வைக்க வேண்டாம், முன்பணமும் கட்ட வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்வழி இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. மேட்டூர் அணை திறந்து, குறுவைக்கு விதையும் உரமும் வாங்க வேண்டிய அதே ஜூன் மாதத்தில்தான் கல்லூரிச் சேர்க்கைப் பேச்சும் சூடுபிடிக்கிறது. கையில் பணம் இல்லாத அந்த நாட்களில் எடுக்கும் அவசர முடிவு பல ஆண்டுக் கடனாகிவிடும் என்பதாலேயே இதை முதலில் சொல்கிறேன். கலந்தாய்வில் தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளும் கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. அதில் கணிதத்துக்கு மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50.

கணினி அறிவியலா, ஐ.டி.யா என்பதில் மனத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், டேட்டாபேஸ், நெட்வொர்க், மென்பொருள் பொறியியல் ஆகிய அடிப்படைப் பாடங்கள் இரண்டிலும் உண்டு. கணினி அறிவியல் கோட்பாட்டுப் பக்கம் சற்றே சாயும், ஐ.டி. பயன்பாட்டுப் பக்கம் சாயும். வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகவே கருதுகின்றன. முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வில் இரு பிரிவினரும் எழுதுவது ஒரே தாள். அரசு வங்கிகளின் ஐ.டி. அதிகாரிப் பணிக்கும் இரு பட்டங்களும் ஏற்கப்படுகின்றன. ஆகவே பிரிவின் பெயரைவிடக் கல்லூரியின் தரத்தைப் பாருங்கள். பட்டுக்கோட்டை, திருக்குவளை ஆகிய இடங்களில் உள்ள அண்ணா பல்கலைக்கழகமே நடத்தும் உறுப்புக் கல்லூரிகளையும் கலந்தாய்வு விருப்பப் பட்டியலில் சேர்க்கலாம்.

பொறியியல் இடம் அமையாவிட்டாலும் வழி அடைபட்டுவிடவில்லை. அருகிலுள்ள அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியலோ பி.சி.ஏ.வோ படித்து, பிறகு இரண்டாண்டு முதுநிலைப் படிப்பான எம்.சி.ஏ. முடித்தால், மென்பொருள் உருவாக்கம், சோதனை, நெட்வொர்க் நிர்வாகம், சைபர் பாதுகாப்பு எனப் பொறியியல் பட்டதாரிகள் செல்லும் அதே பணிகளுக்குச் செல்லலாம். திருச்சி என்.ஐ.டி.யில் (தேசிய தொழில்நுட்பக் கழகம்) எம்.சி.ஏ. சேர நிம்செட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்குப் பட்டப்படிப்பில் கணிதமோ புள்ளியியலோ ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும் என்பதைச் சேரும்போதே கவனியுங்கள். எந்தப் படிப்பில் சேர்ந்தாலும், அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறத் தங்கள் மகள் விண்ணப்பிக்கலாம்.

வேலை பற்றியும் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். தஞ்சாவூரில் 2024-இல் ஐ.டி. நிறுவனங்களுக்கான சிறிய டைடல் பூங்கா திறக்கப்பட்டிருந்தாலும், முதல் வேலைக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்ல நேரிடும் என்றே குடும்பமாக எதிர்பார்த்திருங்கள். நேர்காணலில் மதிப்பெண் பட்டியலுக்கு அடுத்தபடியாக, தங்கள் மகள் தாமே எழுதிய கணினி நிரலைத்தான் கேட்பார்கள். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு மூட்டைக் கணக்கு வைக்கும் சிறு செயலியை அவரே உருவாக்கி, அதன் ஒவ்வொரு வரியையும் விளக்க முடிந்தால், காசு கொடுத்து வாங்கிய புராஜெக்டைவிட அதற்கு மதிப்பு அதிகம். கல்லூரியைப் பார்க்கச் செல்லும்போது மகளையும் அழைத்துச் செல்லுங்கள். ஆய்வகம் மாலையில் எத்தனை மணிவரை திறந்திருக்கும், சென்ற ஆண்டு இத்துறையில் எத்தனை பேர் வேலைக்குச் சென்றனர் என்பதை மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் அவரே கேட்கட்டும்.