வாசகர்களை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். எங்கள் பகுதிக் கோயில் விழாக்களையும் பழைய குடும்பங்களின் கதைகளையும் தமிழில் எழுதி, மாதம் ஒரு மடலாக வாட்ஸ்அப்பில் 180 பேருக்கு அனுப்புகிறேன். இரண்டு ஆண்டுகளாக யாரும் பதில் எழுதுவதில்லை. போன மாதம் ஒரு பெண் மட்டும், டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் முன்பு குடியிருந்த மேகசின் பாரக்ஸ் பற்றிய கட்டுரையில் தன் தாத்தாவின் பெயரைத் தவறாகப் போட்டுவிட்டதாகக் கோபித்து எழுதினார். மனம் நொந்து நான் பதில் போடவில்லை. இப்போது ஒருவர், 3,000 தமிழ்க் குடும்பங்களின் செல்பேசி எண்களை 2,500 ரேண்டுக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள், அம்மா. அந்தப் பணத்தில் பத்துப் பேரை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டால்கூட உங்கள் மடலுக்கு அதைவிட நன்மை உண்டு.

அந்தத் தரகரிடம் ஒன்றே ஒன்று கேட்டுப் பாருங்கள்: இந்த 3,000 பேரும் தங்கள் எண்ணை எதற்காகக் கொடுத்தார்கள்? நேரான பதில் வராது. டர்பனில் முப்பது ஆண்டுகளாகச் சிறு இதழ்களை அச்சிட்டும் திருத்தியும் வருகிறேன். என் மேசைக்கு வந்த பட்டியல்கள் கடை வாசலில் வைத்த பரிசுக் குலுக்கல் பெட்டியிலிருந்தும், இறுதிச்சடங்குக் காப்பீட்டுப் படிவங்களிலிருந்தும், கல்யாண வீட்டுப் பதிவேட்டிலிருந்தும் திரட்டியவை. ஒருமுறை நானும் ஏமாந்தேன். எண்ணூறு முகவரிகள் வாங்கி இதழை அஞ்சலில் அனுப்பினேன். பாதிக்கு மேல் திரும்பி வந்தன. இறந்துபோன தந்தையின் பெயருக்கு இதழ் வந்ததென்று ஒரு மகன் தொலைபேசியில் அழுதார். அதை நான் மறக்கவில்லை.

வாட்ஸ்அப்பின் அமைப்பும் உங்களுக்கு உதவாது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான் இருக்கலாம். அவர்களிலும் உங்கள் எண்ணைத் தங்கள் செல்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். விலைக்கு வாங்கிய எண்களுக்கு உரியவர் யார் உங்களைச் சேமித்து வைத்திருப்பார்? ஒவ்வொருவராக அனுப்பினால் பலர் புகார் செய்வார்கள், உங்கள் கணக்கே முடங்கலாம். குழு தொடங்கினால் எல்லோருடைய எண்ணும் எல்லோர் கண்ணிலும் படும். உங்கள் 180 பேரையும் இந்தக் கோணத்தில் பாருங்கள். மடலை நீங்கள் அப்படிப் பட்டியலில் அனுப்பிவந்தால், அவர்களில் உங்கள் எண்ணைச் சேமிக்காதவர்கள் இதுவரை அதைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். நேரில் காணும்போது, "என் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள்.

அடுத்தது சட்டம். போப்பியா என்று நாம் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டம். 2021 ஜூலை 1 முதல் எல்லோரும் அதன்படி நடந்தாக வேண்டும். சம்மதம் தராதவருக்கு மின்வழியில் விளம்பரம் அனுப்புவதை அது தடுக்கிறது. "நான் எதையும் விற்கவில்லையே" என்பீர்கள். நன்கொடை கேட்பதையும் சட்டம் அதே கணக்கில்தான் சேர்க்கிறது. மடலின் அடியில் ஆடிக் கூழ் ஊற்றப் பணம் தாருங்கள் என்று ஒரு வரி போதும், அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள். சம்மதம் கேட்டு ஒருவரை ஒரே ஒரு முறைதான் அணுகலாம். அவர் மறுத்தால் அத்துடன் விட்டுவிட வேண்டும்.

ஒரு விலக்கு உண்டு. தரகர்கள் இதைத்தான் திரித்துச் சொல்கிறார்கள் என்பதால் பொறுமையாகக் கேளுங்கள். உங்களிடம் ஏற்கெனவே பொருள் வாங்கியவருக்கு, அதே வகைப் பொருளைப் பற்றி எழுதலாம். கோயில் நாள்காட்டியை உங்களிடம் வாங்கியபோது ஒருவர் எண்ணைக் கொடுத்தார் என்றால், அடுத்த ஆண்டு நாள்காட்டி வந்ததும் அவருக்குச் சொல்லலாம். உங்கள் மைத்துனரின் காப்பீட்டுத் தொழிலைப் பற்றிச் சொல்லக் கூடாது. எண்ணை வாங்கும்போதும், பிறகு ஒவ்வொரு முறை அனுப்பும்போதும், "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு வழி வைக்க வேண்டும். முக்கியமாக, அவர் உங்கள் வாடிக்கையாளராக இருக்க வேண்டும். வேறொருவரின் வாடிக்கையாளரை விலைக்கு வாங்கிவிட்டு, "இவரும் வாடிக்கையாளர்தானே" என்று இந்த விலக்கில் ஒளிந்துகொள்ள முடியாது.

இந்தச் சட்டத்தில் அபராதம் ஒரு கோடி ரேண்ட் வரை போகலாம். ஆனால் என் அம்மாவுக்கு நாள்தோறும் கடன் வேண்டுமா என்று அழைக்கிறவர்களை யாரும் தட்டிக் கேட்பதில்லை. புகார் கொடுக்கப் போனால் படிவத்தின் மேல் படிவம், அதுவும் எண்பது வயதுத் தமிழ்க் கிழவிக்கு விளங்காத ஆங்கிலத்தில். கோயில் மடல் எழுதுகிறவர்தான் பயந்து நடுங்குகிறார். எனக்கு இது பொறுக்கவில்லை.

இனி, ஏன் யாரும் பதில் எழுதுவதில்லை? நம் ஊரில் தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்பவர்கள் பலர், படிப்பவர்கள் சிலர், எழுதுகிறவர்கள் மிகச் சிலர். பள்ளியில் ஆங்கிலம் படித்தவர், ஆசிரியைக்குத் தமிழில் எழுதிப் பிழை வந்தால் என்ன ஆகுமோ என்று கூசுகிறார். அவரிடம் குரல் பதிவு கேளுங்கள். ஆங்கிலத்தில் பேசினாலும் சரி என்று மடலிலேயே சொல்லுங்கள். நீங்களும் மடலை வாசித்து ஒலிப்பதிவாகச் சேர்த்து அனுப்புங்கள். முடிவில், "கருத்துகளைத் தெரிவியுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். "உங்கள் வீட்டில் கூழுக்கு என்ன மாவு கரைத்தார்கள்?" என்று கேளுங்கள், பாட்டிகளே பேசத் தொடங்குவார்கள்.

1903இல் டர்பனில் தொடங்கிய, காந்தி முன்னின்று நடத்திய இந்தியன் ஒப்பீனியன் இதழில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. எழுதவும் அச்சுக்கோக்கவும் ஆள் கிடைக்காமல் 1906இல் அதை நிறுத்தினார்கள். ஆள் பஞ்சம் அன்றே இருந்தது. அந்த இதழுக்கு வந்து குவிந்த கடிதங்களைப் பற்றிக் காந்தி தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அன்பானவை, குறை சொன்னவை, கசப்பானவை எல்லாவற்றையும் படித்துப் பதில் எழுதியது தமக்கு நல்ல கல்வியாக இருந்தது என்றும், சமூகமே தம்மோடு வாய்விட்டுச் சிந்தித்ததுபோல இருந்தது என்றும் சொல்கிறார். அவருக்கே கசப்பான கடிதங்கள் வந்தன, அம்மா.

அதனால் எனக்கு அந்தக் கோபக்காரப் பெண்ணைப் பற்றித்தான் கவலை. 180 பேரில் வரிவரியாகப் படித்தவர் என்று உறுதியாகத் தெரிவது அவர் ஒருவரைத்தான். மேகசின் பாரக்ஸிலிருந்து குடும்பங்களை 1960களில் சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்த்தபோது எத்தனையோ வீட்டுப் படங்களும் தாள்களும் தொலைந்தன. சில குடும்பங்களில் ஒரு தாத்தாவுக்கு மிஞ்சியது பெயர் மட்டும்தான். அதையும் நாம் தவறாகப் போட்டால் கோபம் வராதா? இன்று மாலை அவரை அழையுங்கள். முதலில் மன்னிப்புக் கேளுங்கள், பிறகு பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். அவர் சம்மதித்தால், அந்தத் தாத்தா நகராட்சியில் என்ன வேலை பார்த்தார், எந்தத் தொகுதியில் குடியிருந்தார் என்றும் கேட்டு, அடுத்த மடலின் முதல் பத்தியிலேயே திருத்தத்தோடு சேர்த்துப் போடுங்கள்.