அந்த இரவு நடுக்கம்

மொரிஷியஸ் ரோஸ் ஹில் வாசகிக்கு,

அம்மா, கணவரின் அரிப்பு, நாக்குக் கசப்பு, தோல் கறுப்பு எல்லாம் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வருவதுதான். அடுத்த முறை மருத்துவரிடம் சொன்னால் போதும். செப்சிஸ், அதாவது தொற்று முற்றி உயிருக்கே ஆபத்தாகும் நிலை, தட்டு, டம்ளர் வழியாக ஒட்டிக்கொள்ளாது. அவருக்குத் தனித் தட்டு வைத்து மனத்தைப் புண்படுத்தாதீர்கள். கைபேசியில் பார்த்த அந்த வீடியோவை அழித்துவிடுங்கள்.

கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன். சென்ற வியாழன் டயாலிசிஸ் முடிந்து வந்த இரவு, இரண்டு போர்வைக்குள்ளும் பற்கள் தந்தியடிக்க நடுங்கினார்; பாரசிட்டமாலும், பல்வலிக்கு வாங்கி மிஞ்சிய அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தீர்கள்; காலையில் சரியாகிவிட்டது.

சரியாகவில்லை, அடங்கியிருக்கிறது. உங்கள் மாமியார் "இரத்தத்தில் விஷம் ஏறி" இறந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதன் தொடக்கம் பல நேரங்களில் இப்படித்தான் இருக்கும். உங்கள் கணவர் கழுத்தில் டயாலிசிஸுக்காகப் போட்டிருக்கும் குழாயின் நுனி இதயத்தின் வாசலில் கிடக்கிறது. தோலில் வாழும் கிருமி அதற்குள் குடியேறினால் டயாலிசிஸின்போது நேரே இரத்தத்தில் இறங்கும். குழாய் உள்ளவர் நடுங்கினால், வேறு காரணம் தெரியும்வரை அதை இரத்தத் தொற்றாகவே நாங்கள் கொள்வோம். இவர்களுக்குக் காய்ச்சல் ஏறாமலும் இருக்கலாம். தெர்மாமீட்டர் 37 காட்டுகிறதே என்று தூங்கப் போய்விடாதீர்கள். நடுக்கத்தோடு பிதற்றல், மூச்சிரைப்பு, வழக்கத்தைவிடக் குறைந்த இரத்த அழுத்தம், இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் உடனே ஆம்புலன்ஸுக்கு 114. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மிச்ச மாத்திரைகளைக் குப்பையில் போடுங்கள். ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு முன் எடுத்த இரத்தத்தை வளர்த்துப் பார்த்துத்தான் எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கிறோம். அரைகுறையாக விழுங்கிய மாத்திரை கிருமியை விட்டுவிட்டுப் பரிசோதனையைக் கெடுக்கும். இதைப் படித்ததும் அவரை டயாலிசிஸ் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். நடுங்கியதையும் மாத்திரை கொடுத்ததையும் மறைக்காதீர்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

குழாய்க் கட்டின் ஓரம் ஈரமாகிப் பிரிந்திருந்தால், நீங்கள் பிளாஸ்திரி ஒட்டாமல் செவிலியரிடம் காட்டுங்கள். குழாயின் மூடியை அவர்களைத் தவிர யாரும் தொடக்கூடாது.

காவடிக்கு ஆற்றில் முழுகலாமா என்கிறார் உங்கள் கணவர். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதே கூடாது என்கிறபோது ஆறு எதற்கு? அலகும் வேண்டாம், டயாலிசிஸில் இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுக்கிறார்கள். பால்செம்பைக் கையில் ஏந்திக் கோயில்வரை நடக்கட்டும்.

கழுத்துக் குழாயைவிடக் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்யும் பாதை) இருந்தால் இந்தத் தொற்று வெகுவாகக் குறையும். அதற்கு நாள் குறித்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இன்று போகும்போதே கேட்டுவிடுங்கள்.